தொலைக்காட்சி அரசியல் செய்தியாளர்: நம் பிள்ளைகளுக்கு ஒரு துறை அறிமுகம்



பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை இருக்கும் வீடுகளில் வழக்கமாகப் பேசப்படுவது மருத்துவம், இன்ஜினியரிங், பி.காம். ஆகியவைதான். அவை சரிவராவிட்டால் பாஸ்போர்ட் எடுத்து வளைகுடா போவது. செய்தியாளர் வேலையைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகள் மிகச் சிலர். அப்படிக் கேட்டாலும், "அதில் என்ன சம்பளம் கிடைக்கும்? பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்துவருமா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நம் கடற்கரையோ அடிக்கடி டிவியில் வருகிறது. மீனவர் கைது, படகு பறிமுதல், கச்சத்தீவு, பாம்பன் பாலம், தேர்தல் என்று எப்போதும் ஏதாவது ஒரு செய்தி இருக்கும். அந்தச் செய்தியைச் சொல்பவர்களில் இந்த மண்ணைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போட்ட சிறுவன்தான் பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். அச்சிட்ட செய்தியைச் சுமந்து சென்ற ஊர் இது. செய்தியை எழுதவும் சொல்லவும் இங்கிருந்து பிள்ளைகள் போக முடியும். அதற்கான வழி என்ன என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வேலை என்ன?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ல் தொடங்கியது. தனியார் சேனலான சன் டிவி 1993-ல் வந்தது. பிறகு 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டிவி, 2014-ல் நியூஸ் 7 தமிழ், 2016-ல் நியூஸ்18 தமிழ்நாடு என்று 24 மணி நேரச் செய்திச் சேனல்கள் பெருகின. ஆள் தேவையும் கூடியது.

திரையில் செய்தி வாசிப்பவர் வேறு, செய்தியாளர் வேறு. செய்தியாளர் களத்துக்குப் போகிறார், விசாரிக்கிறார், பேட்டி எடுக்கிறார், கேமராமேனோடு சேர்ந்து காட்சியை அனுப்புகிறார், தேவைப்பட்டால் நேரலையில் விளக்குகிறார். அரசியல் செய்தியாளருக்குச் சென்னையில் தலைமைச் செயலகம், சட்டமன்றம், அண்ணா அறிவாலயம், ராயப்பேட்டை அ.தி.மு.க. அலுவலகம், சத்தியமூர்த்தி பவன், கமலாலயம் ஆகியவை அன்றாடம் போய்வரும் இடங்கள். யார் எந்தக் கட்சியில் என்ன பொறுப்பில் இருக்கிறார், பத்து வருடத்துக்கு முன் என்ன பேசினார், இன்று என்ன பேசுகிறார் என்பது அவர் நினைவில் இருக்க வேண்டும்.

ஏறும் படிகள்

முதல் படி பயிற்சிச் செய்தியாளர் அல்லது செய்தி அறையில் உதவியாளர். இங்கே தட்டச்சு, கீழே ஓடும் எழுத்துச் செய்தி, மொழிபெயர்ப்பு என்று எல்லாம் செய்ய வேண்டியிருக்கும். அடுத்தது செய்தியாளர். மாவட்டத்திலும் இருக்கலாம், சென்னையிலும் இருக்கலாம். பிறகு மூத்த செய்தியாளர், தலைமைச் செய்தியாளர், அரசியல் பிரிவு ஆசிரியர், செய்தி ஆசிரியர் என்று படிகள் போகும். சிலர் விவாத நிகழ்ச்சிகளை நடத்தும் நெறியாளர் ஆகிறார்கள்.

எல்லோரும் ஒரே வழியில் வந்தவர்கள் இல்லை. ராஜ்தீப் சர்தேசாய் சட்டம் படித்தவர். 1988-ல் பத்திரிகையில் சேர்ந்து, 1994-ல்தான் தொலைக்காட்சிக்கு வந்தார். டேனிஷ் சித்தீகீ டெல்லி ஜாமியா மில்லியாவில் பொருளாதாரமும், பிறகு அங்கேயே ஊடகப் படிப்பும் முடித்து, தொலைக்காட்சிச் செய்தியாளராகத் தொடங்கினார். பின்னர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் புகைப்படச் செய்தியாளரானார். ரோஹிங்யா அகதிகளைப் படமெடுத்ததற்காக 2018-ல் அவரது குழுவுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. 2021 ஜூலையில் ஆப்கானிஸ்தானில் பணியில் இருந்தபோது கொல்லப்பட்டார். இந்தத் துறையின் உயரமும் ஆபத்தும் அவர் வாழ்க்கையில் சேர்ந்தே இருக்கின்றன.

என்ன படிக்கலாம்?

பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தாலும் தடையில்லை. இதழியல், விஸ்காம் படிக்கலாம். அரசியல் செய்திக்குப் போக நினைப்பவர் வரலாறு, பொருளாதாரம், அரசியல் அறிவியல், சட்டம், தமிழ் படித்தாலும் நல்லது. கீழக்கரை தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி, சையது ஹமீதா கல்லூரி போன்ற நம் பகுதிக் கல்லூரிகளில் ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, மேல்படிப்பாக இதழியல் எடுக்கலாம். மதுரை காமராசர், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார், சென்னைப் பல்கலைக்கழகங்களில் இதற்குத் துறைகள் உள்ளன. சென்னையில் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் ஓராண்டு முதுநிலைப் பட்டயம் தருகிறது. டெல்லியில் 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனமும், ஜாமியா மில்லியாவில் 1982 முதல் இயங்கும் ஊடகப் பயிற்சி மையமும் பெயர் பெற்றவை. கட்டணம் இடத்துக்கு இடம் மிகவும் மாறும். சேருமுன் விசாரித்து, உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள்.

நம் தொகுதியிலிருந்து ஒரு பாடம்

2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியை நாடே கவனித்தது. முஸ்லிம் லீக் வேட்பாளர் நவாஸ் கனி ஏணிச் சின்னத்தில் நின்றார். முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரில் மேலும் ஐந்து பேர் களத்தில் இருந்தார்கள். இங்கே செய்தியாளர் பெயரை மட்டும் சொன்னால் வாக்காளர் குழம்பிப் போவார். சின்னத்தையும் வரிசை எண்ணையும் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வேட்பாளரும் தாக்கல் செய்யும் படிவம் 26 உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு விவரங்கள் இருக்கும். அதைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் படிக்கலாம். முடிவில் நவாஸ் கனி 5,09,664 வாக்குகளும், ஓ.பி.எஸ். 3,42,882 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 1,66,782.

இதில் நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. நம் சமுதாய வேட்பாளரிடமும் எதிர் வேட்பாளரிடமும் ஒரே அளவு கடுமையான கேள்வியைக் கேட்க வேண்டும். மீக்கையும் கேமராவையும் கையில் வைத்திருக்கும்போது செய்தியாளர் எந்தக் கட்சிக்கும் ஆள் இல்லை. அப்படி நடந்தால் ஜமாஅத்தில் சிலர் கோபிக்கலாம். அந்த நேரத்தில் பிள்ளையின் பக்கம் நிற்பது பெற்றோர் கடமை.

இன்னோர் உதாரணம் கச்சத்தீவு. தேர்தல் வந்தால் இது மேடைக்கு வரும். 1974 ஒப்பந்தம் தீவை இலங்கையின் பக்கம் சேர்த்தது. ஆனால் இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போல அங்கே போய்வரலாம் என்றது. 1976-ல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றன. இந்த இரண்டையும் படித்த செய்தியாளர், "கச்சத்தீவை மீட்போம்" என்று ஒரு தலைவர் சொன்னதும், "தீவு வந்தால் மீன்பிடி உரிமையும் வந்துவிடுமா?" என்று கேட்பார். படிக்காதவர் தலைவர் சொன்னதை அப்படியே ஒளிபரப்புவார். சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு முதல் செய்தியாளரால்தான் பயன்.

சரிபார்ப்பது நமக்குப் புதிதல்ல

வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் நம்பினால் ஒரு கூட்டத்துக்கே தீங்கு நேரலாம் என்று சூரா அல்ஹுஜுராத்தின் 6-வது வசனம் எச்சரிக்கிறது. ஹதீஸ் கலையில் யார் யாரிடம் கேட்டுச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் வரிசையை ஆராய்கிறோம். செய்தி அறையிலும் அதே கேள்விதான்: இதைச் சொன்னது யார்? அவர் நேரில் பார்த்தாரா? வேறு யார் உறுதி செய்தார்? வாட்ஸ்அப்பில் வந்ததை யோசிக்காமல் பகிரும் பழக்கம் உள்ள பிள்ளை முதலில் அதை விட வேண்டும்.

சிரமங்களையும் சொல்லியாக வேண்டும்

ஆரம்பச் சம்பளம் குறைவு. மாவட்டங்களில் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, அனுப்பிய செய்திக்குத்தான் பணம். தேர்தல், புயல், கலவரம் என்றால் இரவு பகல் கிடையாது. கூட்டங்களில் சிலர் கவர் நீட்டுவார்கள். அதை ஒருமுறை வாங்கினால் பிறகு கேள்வி கேட்க வாய் வராது. பெண் பிள்ளைகள் வேலைக்குச் சேருமுன் இரவுப் பணிக்கு வாகன வசதி உண்டா, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழு உண்டா என்று கேட்க வேண்டும். 2013 சட்டப்படி பத்துப் பேர் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் அந்தக் குழு கட்டாயம்.

சட்டச் சிக்கலும் வரலாம். கேரளச் செய்தியாளர் சித்தீக் காப்பன் 2020 அக்டோபரில் ஹாத்ரஸுக்குப் போகும் வழியில் கைதானார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும், இன்னொரு வழக்கு இருந்ததால் 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். பெற்றோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. அதனால்தான் செய்தியாளர் சட்டத்தைத் தெரிந்துகொள்ளவும், அடையாள அட்டையை எப்போதும் வைத்திருக்கவும், சங்கத்தில் உறுப்பினராக இருக்கவும், களத்துக்குப் போகுமுன் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டும்.

இப்போதே தொடங்கக்கூடிய பயிற்சி

1. தினமும் ஒரு தமிழ்ப் பத்திரிகை, ஓர் ஆங்கிலப் பத்திரிகை படியுங்கள். ஒரே செய்தியை இரண்டும் எப்படிச் சொல்கின்றன என்று குறித்து வையுங்கள்.

2. ல, ள, ழ, ர, ற, ந, ன, ண ஆகியவற்றைச் சத்தமாகப் படித்துப் பழகுங்கள். இலங்கை வானொலியின் பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பை இன்றும் தமிழுலகம் பாராட்டுகிறது. அவர் குரலைக் கேட்டுப் பழகலாம்.

3. உங்கள் தெருவின் குடிநீர்ப் பிரச்சினையை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட இருவரிடமும், வார்டு உறுப்பினரிடமும், அலுவலரிடமும் பேசி, செல்போனில் 90 விநாடிச் செய்தியாகத் தயாரியுங்கள்.

4. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் ஒரு மனு எழுதிப் பாருங்கள். பதில் 30 நாளில் வர வேண்டும்.

இந்த நான்கையும் ஆறு மாதம் விடாமல் செய்த பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்குமா பிடிக்காதா என்பது தெரிந்துவிடும். பிடித்திருந்தால் வாப்பாவும் உம்மாவும் அவர்களோடு உட்கார்ந்து கல்லூரி விவரங்களைப் பாருங்கள். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். உண்மையை நிதானமாகச் சொல்லும் செய்தியாளர்கள் நம் ஊர்களிலிருந்து உருவாக அல்லாஹ் அருள் புரிவானாக.