பொங் ஏரியின் குளிர்கால விருந்தாளிகள்

ஈமோகுளோபின் பற்றிய உயிரியல் பாடத்தின்போதுதான் வரித்தலை வாத்து எனக்கு அறிமுகமானது. வெண்ணிறத் தலையில் இரு கரும்பட்டைகள் கொண்ட இப்பறவை இமயமலையையே கடந்து பறக்கிறது. 7,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் அது பறந்தமை பதிவாகியுள்ளது. அதன் ஈமோகுளோபின் ஒட்சிசனை மிக இறுகப் பற்றிக்கொள்வது இதற்கு ஒரு காரணம்.

இவ்வளவு பாடுபட்டு அது எங்கே இறங்குகிறது என்று தேடினேன். அது இறங்கும் இடங்களுள் முக்கியமானது, இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் தௌலாதார் மலையடிவாரத்திலுள்ள பொங் ஏரி.

பியாஸ் ஆற்றை மறித்து 1974இல் கட்டி முடிக்கப்பட்ட அணையால் உருவானது இந்த ஏரி. 1983இல் சரணாலயமாகவும் 2002இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. இங்கு 220க்கும் மேற்பட்ட பறவையினங்கள் காணப்படுகின்றன. நமது மன்னார், வங்காலைக்கு வரும் ஊசிவால் வாத்தும் இங்கு தங்கும் பறவைதான்.

ஆனால் விருந்தாளிகளுக்கு நிம்மதியில்லை. நீர் வற்றும்போது வெளிப்படும் ஏரிப்படுகையில்தான் வரித்தலை வாத்துகள் புல் மேயும். அந்த நிலத்தைச் சட்டவிரோதமாக உழுது கோதுமை விதைக்கின்றனர். பூச்சிகொல்லிகள் நீரில் கலக்கின்றன. அறுவடைக்குப் பின் தாள்களுக்குத் தீ வைக்கின்றனர். கள்ள வேட்டையும் நடக்கிறது. 2020 டிசம்பர் இறுதியில் இன்னொரு துன்பம் வந்தது. எச்5என்1 பறவைக் காய்ச்சலால் சில ஆயிரம் பறவைகள் மடிந்தன. அவற்றுள் பெரும்பாலானவை வரித்தலை வாத்துகளே. ஓரிடத்தில் நெருங்கி வாழும் கூட்டத்தில் நோய் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கு இது சான்று.

இதுவரை எழுதியதை வாப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்த ஏரிக்குள்ள யாருடைய வயல் இருந்தது மகள்?" என்று மட்டும் கேட்டார்.

மீண்டும் தேடினேன். அணைக்காக 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டிருந்தன. பலருக்குத் தொலைவிலுள்ள ராஜஸ்தானில் மாற்றுக் காணி தருவதாக வாக்களிக்கப்பட்டது. பல்லாண்டுகள் கடந்தும் அது கிடைக்காமல் காத்திருந்தவர்கள் ஏராளம்.

உழுபவர்களைக் குற்றவாளிகள் என்று எழுதியிருந்த வரியை வெட்டிவிட்டேன். பறவைகளுக்கு அந்தப் புல்வெளி வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நிலத்தை இழந்தவர்களுக்குரிய நியாயத்தைக் கொடுத்துவிட்டே புல்வெளியை விட்டுக்கொடுக்கும்படி கேட்க வேண்டும். மலையைக் கடந்துவரும் பறவையைக் காக்க, கரையிலுள்ள மனிதர்களின் மனமும் வேண்டுமல்லவா?