ஒரு படக்கதை இதழும் அதன் விளம்பரப் பக்கங்களும்

படக்கதை இதழைக் கையில் எடுத்தால் நாம் கதையைப் படித்துவிட்டு விளம்பரங்களைத் தள்ளிவிடுகிறோம். பழைய இதழாயின் இரண்டையும் சேர்த்துப் படிப்பது பயன் தரும். அதற்கு 'டாமஹாக்' என்னும் அமெரிக்க இதழை எடுத்துக்கொள்வோம்.

டி.சி. நிறுவனம் 1950 முதல் 1972 வரை இதனை வெளியிட்டது. வெளிவந்தவை 140 இதழ்கள். தொடக்கத்தில் விலை 10 காசு. அமெரிக்கர் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து விடுதலைப் போர் புரிந்த பதினெட்டாம் நூற்றாண்டே கதையின் காலம். கதைத்தலைவன் டாமஹாக், அவனுக்குத் துணை டான் ஹண்டர் என்னும் சிறுவன். 'டாமஹாக்' என்பது அந்நாட்டுப் பழங்குடியினரின் கைக்கோடரியைக் குறிக்கும் சொல்.

காடும் ஆறும் கோட்டையும் நிறைந்த விறுவிறுப்பான கதைகள்தாம். ஆயினும் அந்த எல்லைப்புறம் ஆளற்ற நிலமன்று. பழங்குடி மக்கள் வழிவழியாய் வாழ்ந்த மண். பல கதைகளில் அம்மக்களோ புதர் மறைவிலிருந்து பாயும் பகைவராகவே வருகின்றனர். 1970-இல்தான் டாமஹாக்கின் மகன் கதைத்தலைவனாகிறான். அவனுடைய தாய் ஒரு பழங்குடிப் பெண். இருபது ஆண்டு கழித்தேனும் இம்மாற்றம் வந்ததே!

இனி விளம்பரங்களைக் காண்போம். அக்காலத்து அமெரிக்கப் படக்கதை இதழ்களில், ஒரு வெள்ளிக்குச் சற்றுக் கூடுதலான விலையில் நூறு போர்வீரர் பொம்மைகள் என்று ஒரு விளம்பரம் வரும். படத்தில் பெரும்படையே அணிவகுத்து நிற்கும். பொட்டலத்தைப் பிரித்தால் தட்டையான சின்னஞ்சிறு பிளாஸ்டிக் உருவங்களே இருக்கும். எண்ணிக்கையில் பொய் இல்லை, படத்தில்தான் எல்லாம்!

எலும்பையும் ஊடுருவிக் காட்டும் என்ற மூக்குக்கண்ணாடியும் அவ்வாறே. அட்டையில் சிறு துளையிட்டு அதனுள் பறவை இறகை வைத்திருந்தனர். இறகின் இழைகளில் ஒளி சிதறுவதால் ஒரு விரல் இரண்டாகத் தோன்றும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் நடுப்பகுதி கருத்து, எலும்பு போல் காணும்.

இவற்றுள் மிகச் சுவையானது 'கடற்குரங்கு'. ஹெரால்டு வான் பிரான்ஹட் என்பவர் 1962-இல் இப்பெயரைச் சூட்டினார். முடி தரித்த அரச குடும்பம் ஒன்று நீருக்குள் புன்னகைப்பதாகப் படம் வரைந்திருந்தனர். உள்ளபடி அவை உப்பு ஏரிகளில் வாழும் ஒருவகைக் கூனி. வளர்ந்தாலும் விரல் நக அளவே. அதன் முட்டைகள் ஈரமின்றி ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். உப்புநீர் பட்டதும் விழிக்கும். இது மெய்யான இயற்கை அற்புதம். விற்றவருக்கோ அது போதவில்லை. முதற் பொட்டலத்தை நீரைத் தூய்மையாக்கும் பொடி என்றனர். முட்டைகளை அதிலேயே கலந்திருந்தனர். மறுநாள் இரண்டாம் பொட்டலத்தைக் கொட்டும்போது, முன்பே பொரித்த குஞ்சுகள் அந்நொடியே உயிர் பெற்றதுபோல் தோன்றும். படம் கற்பனையே என்னும் குறிப்பைச் சில விளம்பரங்களில் பொடி எழுத்தில் அச்சிட்டனர். காசு சேர்த்து அனுப்பி, அஞ்சற்காரரை எதிர்பார்த்திருந்த சிறுவர்களின் கண்ணில் பட்டது பெரிய எழுத்தே.

அதே கூனியின் முட்டைகளை உலகெங்கும் இறால், மீன் பண்ணைகளில் இன்று டின் டின்னாக வாங்குகின்றனர். பொரித்த குஞ்சுகள் இறால் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. அந்த டின்களின்மேல் அரச குடும்பம் எதுவும் இல்லை.