கொழுப்புணவும் கொழுப்புச் சிதைவும்

கொழுப்பு மிகுந்த உணவை உண்டால் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பு கரையுமா? புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழும் வினா இது. விடை காண, கொழுப்புத் திசு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

தோலுக்கு அடியிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் உள்ள கொழுப்புத் திசு வெறும் சுமையன்று. அது உடலின் ஆற்றல் களஞ்சியம். உணவில் எஞ்சிய ஆற்றல் அங்கே ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் சேமிக்கப்படுகிறது. உணவில்லாத வேளையில் நொதிகள் அதனை மூன்று கொழுப்பமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரிக்கின்றன. இதுவே கொழுப்புச் சிதைவு. விடுபட்ட கொழுப்பமிலங்கள் இரத்தத்தின் வழியே தசைகளையும் இதயத்தையும் அடைந்து எரிபொருளாகின்றன.

இக்களஞ்சியத்தின் கதவைப் பூட்டுவது இன்சுலின். திறப்பவை அட்ரினலின் போன்ற சுரப்புகள். உண்டபின் சிதைவு அடங்கும். பட்டினியிலும் உடற்பயிற்சியிலும் பெருகும்.

தேவைக்கு மிஞ்சிய கொழுப்புணவைத் தொடர்ந்து உண்ணும்போது இவ்வொழுங்கு குலைகிறது. கொழுப்பணுக்கள் பெருத்து, அவற்றிடையே நோய் எதிர்ப்பு அணுக்கள் புகுந்து அழற்சி உண்டாகிறது. அதனால் இன்சுலினின் ஆணை மங்குகிறது. உண்டபின்னும் கதவு முழுதாய்ப் பூட்டப்படாமல் கொழுப்பமிலங்கள் கசிகின்றன. மறுபுறம், உடற்பயிற்சியின்போது அட்ரினலின் தூண்டினாலும் கதவு முன்போல் திறப்பதில்லை.

கசியும் கொழுப்பமிலங்கள் கல்லீரலிலும் தசையிலும் படிகின்றன. தசைகள் சர்க்கரையை ஏற்கத் தயங்குகின்றன. இரத்தச் சர்க்கரை உயர்கிறது. ஆகவே கொழுப்புச் சிதைவு மிகுவது மட்டுமே மெலிவின் அறிகுறி அன்று. வெளிவந்த கொழுப்பு எரிய வேண்டும். எரியாதது மீண்டும் படியும்.

மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பை மிகுக்கும் கீட்டோ போன்ற உணவுமுறைகளில் இன்சுலின் தாழ்ந்து சிதைவு பெருகும் என்பது உண்மையே. ஆயினும், செலவிடும் கலோரியைவிட உண்ணும் கலோரி குறைந்தாலன்றி உடலின் சேமிப்பு குறையாது.

நீரிழிவு நோயாளிகள் இங்கே மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர் அதனைத் தாமாக நிறுத்தினால் கொழுப்புச் சிதைவு கட்டுக்கடங்காமல் பெருகக்கூடும். கீட்டோன்கள் மிகுந்து, இரத்தம் அமிலத்தன்மை அடைந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் போன்ற மாத்திரைகளை உண்போருக்குச் சர்க்கரை மிக உயராமலேயே இந்நிலை வரக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

குடும்பத்தினர் செய்யத்தக்கவை எளியவை. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மி.லி. எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி உள்ளது. ஆதலால் எண்ணெயைக் கண்ணளவால் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். கொழுப்பை அறவே விலக்குதலும் தவறு. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களை உடல் ஏற்கச் சிறிது கொழுப்பு தேவை. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ.க்கும் பெண்களுக்கு 80 செ.மீ.க்கும் உட்பட்டிருத்தல் நன்று. உடல் பருத்தவர்கள் எடையில் 5 விழுக்காடு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். இன்சுலினும் செவ்வனே வேலை செய்யும்.

எந்த உணவு மாற்றத்தையும் தொடங்குமுன் உங்கள் மருத்துவரிடமும் உணவியல் வல்லுநரிடமும் கலந்து பேசுங்கள். நீங்கள் உண்ணும் மருந்துகளின் பட்டியலையும் தவறாது உடன் கொண்டு வாருங்கள்.