அலமாரிச் சாவியும் கணினித் திரையும்

கேள்வி: பள்ளியில் கணினி வந்துவிட்டது, பிள்ளைகள் கையில் கைபேசியும் இருக்கிறது. பள்ளி நூலகருக்கு இனி என்ன வேலை?
(வாசகர் ஒருவர், குற்றாலம்)

பதில்: வேலை கூடியிருக்கிறது.

1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். அரங்கநாதன், அதற்கு முன் கணித ஆசிரியர். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக அறிவியல் விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. இன்று அதற்குத் தேடத் தெரிந்த ஆள் வேண்டும்.

உங்கள் பக்கத்திலேயே பார்க்கலாம். தென்காசியை ஒட்டிய மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குறவஞ்சியை ஒன்பதாம் வகுப்பு மாணவி தேடுகிறாள் என்று வையுங்கள். 'குற்றால குறவஞ்சி' என்று தட்டினால் ஒன்று வரும். 'க்' சேர்த்து, முன்னால் 'திரு' போட்டால் வேறொன்று வரலாம். பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது நாலு வரிச் சுருக்கம், அல்லது யாரோ பேசிய வீடியோ. மதுரைத் திட்ட இணையதளத்தில் மூல நூலே இலவசமாக இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகளைத் தேட யார் பழக்குவது? அதுதான் இன்றைய நூலகரின் வேலை.

2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் வீடியோ ஓடும். அதைப் பார்த்தபின் எழும் சந்தேகத்துக்கு நம்பகமான பதிலைக் கண்டுபிடிப்பது தனிப் பயிற்சி.

வருத்தம் என்னவென்றால், பல அரசுப் பள்ளிகளில் தனி நூலகரே இல்லை. பாடம் நடத்தும் ஆசிரியரிடமே அலமாரிச் சாவியும் இருக்கிறது. தென்காசி அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்திலேயே மென்பொருள் எழுதும் மாவட்டத்துக்கு இது போதாது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், வாரம் ஒரு நூலகப் பாடவேளையைக் கணினி அறையில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.