இரண்டு கல்லூரி, ஒரு விருப்பப் பட்டியல்: லாஸ்பேட்டை மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ முடிவு வந்ததும் லாஸ்பேட்டையில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. மகளுக்கு வரலாறோ பொருளாதாரமோ தமிழோ படிக்க ஆசை. பக்கத்திலேயே தாகூர் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. நகருக்குள் மகாத்மா காந்தி சாலையில் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. முன்னது 1961-லும் பின்னது 1968-லும் தொடங்கப்பட்டவை. இரண்டுமே புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. புதுச்சேரி அரசின் ஒருங்கிணைந்த சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது?

பெரும்பாலான வீடுகளில் பக்கத்து வீட்டு அக்காவின் அனுபவமோ, சித்தப்பா எப்போதோ கேட்ட பெயரோ இதை முடிவு செய்துவிடுகிறது. அதைவிட நல்ல வழி உண்டு. ஒரு வாரம் ஒதுக்கினால் போதும். இங்கே சொல்லும் முறையைத் தனியார் கல்லூரிகளுக்கும், கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கல்லூரிகளுக்கும் அப்படியே பயன்படுத்தலாம்.

படி 1: முதலில் பாடம், பிறகு கல்லூரி

எந்தப் பாடம் என்பதில் தெளிவு இல்லாமல் கல்லூரியை ஒப்பிட்டுப் பயனில்லை. ஒரே வளாகத்தில் ஒரு துறை சிறப்பாகவும் அடுத்த துறை ஆசிரியர் பற்றாக்குறையோடும் இயங்கலாம். சிறிய கல்லூரியில் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். நான்கைந்து ஆசிரியர்கள் இருக்கும் துறையில் ஒருவர் ஓய்வு பெற்றாலே கற்பித்தலின் தரம் மாறிவிடும்.

பிள்ளை பிளஸ் டூவில் எந்தப் புத்தகத்தைத் தேர்வுக்காக அல்லாமல் தானாக எடுத்துப் படித்தது என்று நினைத்துப் பாருங்கள். அதிலிருந்து இரண்டு பாடங்களை மட்டும் தேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். இனி ஒப்பிட வேண்டியது அந்தத் துறைகளை.

படி 2: பாடத்திட்டத்தைக் கையில் எடுங்கள்

புதிய கல்விக் கொள்கையின்படி பட்டப்படிப்பின் அமைப்பே மாறியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்கு ஆண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட் வேண்டும். நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவை எடுக்க விரும்புகிறவர் முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீத மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும்.

முதன்மையான மேஜர் பாடத்தோடு துணையாக ஒரு மைனரும் படிக்க வேண்டியிருப்பதால் மூன்று கேள்விகள் முக்கியமாகின்றன. வரலாறு மேஜர் எடுப்பவருக்கு எந்தெந்த மைனர் கிடைக்கும்? ஏட்டில் இருக்கும் விருப்பப் பாடங்களில் சென்ற ஆண்டு உண்மையில் நடத்தப்பட்டவை எவை? நான்காம் ஆண்டை அந்தத் துறை தன் வளாகத்திலேயே நடத்துகிறதா? இந்த மூன்றுக்கும் துறையில் கேட்டால் பதில் கிடைக்கும். கேட்காமல் சேர்ந்துவிட்டால் இரண்டாம் ஆண்டில்தான் தெரியவரும்.

தன்னாட்சி என்ற சொல்லையும் கவனியுங்கள். பாரதிதாசன் மகளிர் கல்லூரி தன்னாட்சி பெற்றது. தன்னாட்சிக் கல்லூரி தானே பாடத்திட்டம் வகுத்து, தானே தேர்வு நடத்தும். பட்டத்தைப் பல்கலைக்கழகம்தான் வழங்கும். பாடத்திட்டத்தைக் காலத்துக்கேற்ப மாற்றும் சுதந்திரம் அங்கே இருக்கிறது. அந்தச் சுதந்திரத்தைத் துறை பயன்படுத்தியிருக்கிறதா என்று அறிய, இப்போதைய பாடத்திட்டத்தையும் ஐந்து ஆண்டுக்கு முந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: விளம்பரத்தை விட்டு ஆவணத்தைப் படியுங்கள்

கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பின் கிரேடு எழுத்தாக மட்டும் தெரிந்தால் போதாது. நான்குக்கு 3.01 முதல் 3.25 வரை வாங்கினால் ஏ கிரேடு. 3.00 வாங்கிய கல்லூரிக்கு பி பிளஸ் பிளஸ். இரண்டுக்கும் இடையே இருப்பது நூலளவு வேறுபாடு. கிரேடு எந்த ஆண்டில் கிடைத்தது என்பதையும் பாருங்கள். பழைய கிரேடு பழைய ஆசிரியர்களுக்குக் கிடைத்தது.

இதைவிடப் பயனுள்ள இரண்டு ஆவணங்கள் கல்லூரி இணையதளத்தில் கிடைக்கும். ஒன்று, நாக் குழுவுக்குக் கல்லூரி கொடுக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கை. நிரந்தர ஆசிரியர் எத்தனை, அவர்களில் முனைவர் பட்டம் பெற்றவர் எத்தனை, நூலகத்துக்கு எவ்வளவு செலவு என்று அதில் பார்க்கலாம். இன்னொன்று, தேசிய அளவிலான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகத் தரும் புள்ளிவிவரம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் பட்டம் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பது அதில் வரும். தரவரிசையில் பெயர் இல்லாத கல்லூரியும் இந்தக் கணக்கைக் கொடுத்திருக்கக்கூடும். கலைப் பாடம் படிப்பவர் ‘மேற்படிப்பு’ என்ற பத்தியை முதலில் பார்க்க வேண்டும்.

படி 4: வேலை நாளில் நேரில் போங்கள்

ஒரே வாரத்தில் இரண்டு கல்லூரிக்கும் காலை பத்து மணிக்குமேல் பிள்ளையோடு போய் வாருங்கள். அலுவலகத்தில் காரணத்தைச் சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கோடை விடுமுறையாக இருந்தால் துறை ஆசிரியர் யார் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பார்க்க வேண்டியவை:

• துறை அறிவிப்புப் பலகை. கருத்தரங்கு, கள ஆய்வு, கட்டுரைப் போட்டி பற்றிய சமீபத்திய தாள் ஒட்டியிருந்தால் துறை உயிரோடு இருக்கிறது.

• நூலகம். உங்கள் பாட அலமாரியில் கடைசியாக வந்த புத்தகம் எந்த ஆண்டினது? மாணவர் வீட்டுக்கு எத்தனை புத்தகம் எடுத்துப்போகலாம்? மாலையில் எப்போது மூடுவார்கள்?

• ஆசிரியர் நிலை. நிரந்தர ஆசிரியர் எத்தனை, கௌரவ விரிவுரையாளர் எத்தனை, நிரப்பாத இடம் எத்தனை? கௌரவ விரிவுரையாளர்கள் பலர் அருமையாகப் பாடம் நடத்துகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் மாறுவதுதான் மாணவரைப் பாதிக்கும்.

• கழிப்பறை, குடிநீர், பெண்கள் ஓய்வறை. தயங்காமல் பாருங்கள். நாள் முழுக்க தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டிய வளாகத்தில் எந்தப் பெண்ணாலும் நிம்மதியாகப் படிக்க முடியாது.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவர்களைச் சந்தித்தால் பிள்ளையையே பேச விடுங்கள். “காலேஜ் எப்படிக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கும்மா” என்றுதான் பதில் வரும். “போன வாரம் எத்தனை கிளாஸ் நடந்துச்சு? இன்டர்னல் பேப்பரைத் திருத்தித் திருப்பிக் கொடுப்பாங்களா? சந்தேகம் கேட்க எந்த மிஸ்கிட்ட போவீங்க?” என்று கேட்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பெயர் உடனே வந்தால் அது நல்ல துறை.

படி 5: ஊரையும் கணக்கில் சேருங்கள்

சிறிய கல்லூரியில் கிடைக்காததை ஊர் ஈடுசெய்யும். இந்த விஷயத்தில் புதுச்சேரி மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள். லாஸ்பேட்டையிலேயே பட்ட மேற்படிப்புக்கென்று காஞ்சி மாமுனிவர் அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கு நடக்கும் கருத்தரங்குகளைத் தாகூரில் படிப்பவர் எளிதாகப் போய்க் கேட்கலாம். நகருக்குள் படிப்பவருக்கு ரோமன் ரோலன் நூலகம், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், 1889-லிருந்து பிரெஞ்சு கற்பிக்கும் அலையன்ஸ் பிரான்சேஸ் ஆகியவை கல்லூரி முடிந்து போய்வரும் தொலைவிலேயே அமையும். வரலாறோ மொழியோ படிக்கும் பிள்ளைக்கு இது பெரிய வசதி.

பயணத்தையும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். காலை எட்டரை மணிப் பேருந்தில் பிள்ளையோடு ஏறி, வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை எவ்வளவு நேரமாகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாலைத் திரும்பலையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நடந்து போகும் கல்லூரி தினமும் ஒரு மணி நேரம் மிச்சப்படுத்தினால், அந்த நேரம் நூலகத்துக்குப் போகுமா என்று பிள்ளையிடம் கேளுங்கள். நகருக்குள் போய்வருவது தன்னம்பிக்கை தரும் என்று பிள்ளை நினைத்தால் அதற்கும் மதிப்பு உண்டு. இருபாலர் கல்லூரியா மகளிர் கல்லூரியா என்பதிலும் படிக்கப்போகிறவரின் விருப்பமே முதலில் வர வேண்டும்.

படி 6: ஒரு தாளில் இரண்டு பத்தி

பாடமும் மைனரும், ஆசிரியர்கள், நூலகம், மேற்படிப்புக்குப் போனவர்கள், பயணம், வளாக வசதி என்று ஆறு வரிசையும், கல்லூரிக்கு ஒன்றாக இரண்டு பத்தியும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று பிள்ளை ஒரு தாளிலும் பெற்றோர் இன்னொரு தாளிலும் தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். ஆசிரியர் வரிசைக்கு மட்டும் இரட்டிப்பு மதிப்பெண் கொடுங்கள். மற்றக் குறைகளை நல்ல ஆசிரியர் இருவர் சரிக்கட்டிவிடுவார்கள். ஆசிரியர் இல்லாத குறையை எந்தக் கட்டடமும் சரிக்கட்டாது.

இரண்டு தாளும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வீட்டில் பேச்சு நடக்க வேண்டும். அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள்.

படி 7: விருப்ப வரிசையும் அதற்குப் பிறகும்

சென்டாக்கில் இடம் கிடைக்கக்கூடியதை முதலில் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் எது வேண்டுமோ அதையே முதலில் போடுங்கள். மேலே இருப்பது கிடைக்காதபோதுதான் கீழே இருப்பது பார்க்கப்படும். முதல் பாடம் இரண்டு கல்லூரியிலும், அடுத்து இரண்டாம் பாடம் இரண்டு கல்லூரியிலும் என்று வரிசைப்படுத்துவது பொதுவாக நல்லது. கடைசி நாள்வரை காத்திருக்காமல் சான்றிதழ்களைச் சரிபார்த்துப் பதிவேற்றுங்கள்.

தனியார் கல்லூரியில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் பதற வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி, சரிபார்த்தபின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கும் அதிக நாள் முன்பே விலகினால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். தாமதமாக ஆக, கிடைக்கும் தொகை குறையும். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

இரண்டு அரசுக் கல்லூரிகளும் பல்லாண்டுகளாக முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியவை. எதில் சேர்ந்தாலும் வாழ்க்கை வீணாகிவிடாது. ஆனால் தானே நேரில் பார்த்து, கேட்டு, எடைபோட்டுச் சேர்ந்த பிள்ளை, வகுப்பு சரியில்லாத நாளிலும் நூலகத்தைத் தேடிப் போகும். ஆசிரியரைக் கேள்வி கேட்கும். ஆகவே விருப்ப வரிசையில் கடைசிக் கிளிக்கைப் பிள்ளையின் விரல்தான் அழுத்த வேண்டும்.