மங்கிய மோல்டைப் பளபளக்க வைத்தல்: ஃபைபர் படகுப் பட்டறையின் இளம் கலைஞருக்கு



ஃபைபர் படகின் மேல்பரப்பு, அது வார்க்கப்படும் அச்சான மோல்டின் பிரதி. மோல்டுக்குள் முதலில் அடிக்கப்படும் ஜெல்கோட், இறுகும்போது அடியில் உள்ளதை அப்படியே வாங்கிக்கொள்கிறது. மோல்டு கண்ணாடியாக இருந்தால் படகும் கண்ணாடியாக வெளிவரும்; மோல்டில் மயிரிழைக் கீறல் இருந்தால் படகிலும் அது இருக்கும். மங்கிய மோல்டிலிருந்து எடுத்த ஒவ்வொரு படகையும் தனித்தனியாகத் தேய்த்துப் பாலிஷ் போட வேண்டிவரும். அப்படித் தேய்க்கும்போது குறைவது படகின் ஜெல்கோட். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் படலம்தான் கடல்நீர் கண்ணாடி இழைக்குள் இறங்காமல் காக்கிறது. மோல்டைச் சரிசெய்யாமல் படகைத் தேய்த்துச் சமாளிக்கும் பட்டறை, மீனவர் படகின் ஆயுளைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் வந்தது. ஆண்டுக்கணக்கில் ஓடும் ஒரு மோல்டிலிருந்து படகுகள் தொடர்ந்து பிறக்கின்றன. ஆகவே மோல்டைப் பராமரிக்கத் தெரிவது இந்தத் தொழிலின் அடிப்படைத் திறன்.

நன்றாகச் செய்த மோல்டின் மேல்பரப்பில் மோல்டுக்கென்றே தயாரிக்கப்படும் கெட்டியான ஜெல்கோட் இருக்கும். அதன் கனம் ஏறத்தாழ 0.8 முதல் 1 மில்லிமீட்டர். பெரும்பாலும் கறுப்பு அல்லது அடர் நிறத்தில் இருப்பதால், வெள்ளை ஜெல்கோட் அடிக்கும்போது விட்டுப்போன இடம் உடனே கண்ணில் படும். இந்த ஒரு மில்லிமீட்டர்தான் மோல்டின் முதல். வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் இதில் கொஞ்சம் செலவாகிறது; செலவானது திரும்பாது. மங்கல் தெரிந்ததும் வாட்டர் பேப்பரைக் கையிலெடுப்பதுதான் பட்டறைகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. மங்கல் தேய்க்காமலே போகக்கூடிய வகையாக இருக்கலாம். காரணம் தெரியும்வரை பேப்பர் தொடக்கூடாது.

மங்கலுக்குப் பொதுவான காரணம் மெழுகு சேர்தல். படகு ஒட்டாமல் பிரிய ஒவ்வொரு படகுக்கும் மெழுகு பூசிச் சரியாகத் துடைக்காமல் விட்டால் படலத்தின்மேல் படலமாக ஏறி, பால் தெளித்ததுபோன்ற புகைமூட்டம் தெரியும். நகத்தால் கீறினால் வெள்ளையாகச் சுரண்டிக்கொண்டு வரும். படகு ஒட்டாமலிருக்க மெழுகின்மேல் அடிக்கும் பி.வி.ஏ. படலத்தின் மிச்சமாக இருந்தால் இன்னும் எளிது: அது தண்ணீரில் கரைந்துவிடும்.

தொல்லை தருவது ஸ்டைரீன் படிவு. ஜெல்கோட்டிலும் ரெசினிலும் உள்ள ஸ்டைரீன், மெழுகைத் தாண்டி மோல்டின்மேல் மெல்லிய பாலிஸ்டைரீன் படலமாக இறுகிவிடுகிறது. லேசான மஞ்சளோ பழுப்போ கலந்த, சற்றே சொரசொரப்பான பூச்சு அது. நகத்துக்கு அசையாது. அதன்மேல் மெழுகு போட்டால் கொஞ்ச நேரம் பளபளப்பதுபோல் இருக்கும். அடுத்த படகில் மங்கல் முன்பைவிடக் கூடுதலாக வரும். மெழுகு குறைந்துபோன மோல்டில் படகு எடுப்பதும், ஜெல்கோட் சரியாக இறுகுமுன் அவசரப்பட்டுப் பிரிப்பதும் இந்தப் படிவை வளர்க்கின்றன.

எது எது என்று பிரித்தறிய உள்ளங்கை அகல இடம் போதும். முதலில் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். மாற்றம் இல்லையென்றால் மெழுகு நீக்கும் திரவம். அதற்கும் அசையாவிட்டால், டோலுவீனோ மோல்டு கிளீனரோ நனைத்த பனியன் துணியை அரை நிமிடம் வைத்துத் துடைக்க வேண்டும். துணியில் பிசுபிசுப்பாக மஞ்சள் ஏறி, அடியில் கறுப்பு மின்னினால் அது ஸ்டைரீன் படிவு. அப்படியானால் மோல்டு முழுவதையும் இதே முறையில், சிறு சிறு பகுதியாக, துணியை அடிக்கடி மாற்றிச் சுத்தம் செய்யலாம். பழைய துணியையே திருப்பிப் போட்டால் கரைந்தது வேறிடத்தில் அப்பிக்கொள்ளும். மூன்று வழியிலும் போகாத மங்கல்தான் பேப்பர் கேட்கும் மங்கல்: கீறல், வெயில் தின்ற சுண்ணாம்புத் தன்மை, அடியிலுள்ள கண்ணாடி இழை மேலே தெரியும் இழைத் தடம்.

பட்டறைத் திரவங்களோடு பழகும்போது அலட்சியம் ஆகாது. ஸ்டைரீன் ஏறத்தாழ 31 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தரும். சித்திரை மாதத்துத் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு காலையிலேயே வந்துவிடும். அசிட்டோன் அதைவிடவும் எளிதில் பற்றும். கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி வைத்த முகக்கவசம், கையுறை, நல்ல காற்றோட்டம் மூன்றும் வேண்டும்; மூக்கில் கட்டிய துண்டு ஆவியைத் தடுக்காது. ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அதை ஊற்றவே கூடாது. கேட்டலிஸ்டும், இறுகலை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கக்கூடாது.

மோல்டில் பெயர்ந்த இடம், ஆப்பு பட்ட பள்ளம் இருந்தால் அவற்றை முதலில் அடைக்க வேண்டும். மெழுகு முழுவதும் போன பிறகு, பள்ளத்தின் ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து, மோல்டு ஜெல்கோட்டை 1.5 முதல் 2 சதவீதம் கேட்டலிஸ்ட் கலந்து சற்று மேடாக நிரப்ப வேண்டும். காற்றுப் பட்டால் ஜெல்கோட்டின் மேற்பரப்பு பிசுபிசுத்தே கிடக்கும். ஆகவே மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடுவது அவசியம். ஒரு முழு நாளாவது இறுகவிட்ட பிறகே அதில் பேப்பர் போடலாம்.

எந்த நம்பர் பேப்பரில் தொடங்குவது? குறையை எடுக்கக்கூடியவற்றில் மிக மென்மையானது எதுவோ அதில். கீறல் நகத்தில் தட்டினால் 400. கண்ணுக்குத் தெரிந்து நகத்துக்குத் தட்டாவிட்டால் 800 அல்லது 1000. 400-இல் தொடங்கினால் 600, 800, 1000, 1200, 1500 என்று படிப்படியாக ஏற வேண்டும். இடையில் ஒரு நம்பரைத் தாவினால் மிச்சப்படும் நேரம் பஃபிங்கில் இரட்டிப்பாகப் போய்விடும். ஒவ்வொரு நம்பரும் முந்தையதற்குக் குறுக்கு வாட்டத்தில் ஓட வேண்டும். முன் நம்பரின் கோடுகள் எல்லாம் மறைந்தனவா என்பது அப்போதுதான் தெரியும். தண்ணீரில் துளி சோப்புத் திரவம் கலந்தால் பேப்பர் அடைக்காது. நம்பர் மாறும்போது மோல்டைக் கழுவி, வாளித் தண்ணீரையும் மாற்ற வேண்டும். 400-இன் ஒரே ஒரு துகள் 1200-க்குள் வந்து சேர்ந்தால் நீளக் கோடு இழுத்துவிடும்.

பேப்பரை வெறும் விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் இடைவெளியே வரிவரியாகப் பதியும். சமதளத்துக்குக் கட்டை, வளைவுக்கு ஸ்பாஞ்ச் கட்டை. மேடாகத் துருத்தும் விளிம்புகளில் ஜெல்கோட் மெல்லியதாகத்தான் நிற்கும். அங்கே டேப் ஒட்டிவிட்டு மற்றதை முடித்து, கடைசியில் மென்மையான பேப்பரால் கையால் தொடுவதே பாதுகாப்பு.

பஃபிங்கில் கவனிக்க வேண்டியவை சிலிகானும் சூடும். கார் பாலிஷ்கள் பலவற்றில் சிலிகான் உண்டு. அது மோல்டில் ஒட்டிக்கொண்டால் அடுத்து அடிக்கும் ஜெல்கோட் மீன்கண் போலக் குழிகுழியாக விலகும். பிறகு அதைப் போக்குவது பெரும்பாடு. சிலிகான் இல்லாதது என்று குறிப்பிட்ட காம்பவுண்டு மட்டுமே பட்டறைக்குள் வரலாம். கம்பளி பேடில் முரட்டுக் காம்பவுண்டு, பிறகு வேறு பேடில் மென்மையானது. வேகம் நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்று போதும். மெஷின் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. புறங்கை வைத்துப் பார்த்தால் பொறுக்க முடியாத சூடு என்றால் ஜெல்கோட் இளகத் தொடங்குகிறது; அடியில் உள்ள இழையின் தடம் மேலே எழும்பிவிடும்.

பளபளப்பு வந்துவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் சோதனை வேண்டும். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் ஒளிந்திருந்தவை வெளியே வரும். பிறகு டியூப் லைட்டின் பிம்பத்தை மோல்டில் பார்க்க வேண்டும். பிம்பத்தின் ஓரம் கத்தி விளிம்பாக நின்றால் வேலை முடிந்தது. ஓரம் பஞ்சுபோல் கலங்கினால் நுண்கீறல் மிச்சம். மென்மையான காம்பவுண்டுக்குத் திரும்பலாம். ஓரம் கூர்மையாக இருந்தும் பிம்பம் நெளிந்தால் அது இழைத் தடம். பஃபிங் அதைத் தீர்க்காது. முழுதாக இறுகாத ரெசின் பின்னாளில் சுருங்குவதால் வருவது அது. கட்டுப்படுத்திய சூட்டில் மோல்டை இறுகவைத்து, ஆறிய பிறகு தேய்த்தால்தான் நிலைக்கும்.

பேப்பர் போட்ட மோல்டு புது மோல்டுக்குச் சமம். பழைய மெழுகுப் பிடிப்பு எதுவும் அதில் இல்லை. மோல்டு சீலர் பூசி, அதன்மேல் கர்னாபா மெழுகு ஐந்தாறு பூச்சு கொடுக்க வேண்டும். சிறு பகுதியாக, மெல்லிசாக, வட்டமாகத் தடவி, மூட்டம் பிடித்ததும் சுத்தமான துணியால் துடைத்து, அடுத்த பூச்சுக்கு ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மொத்தமாக அப்புவது அடுத்த மங்கலுக்கு அடிபோடுவது. தோசைக்கல்லைப் பழக்குவதுபோல மோல்டையும் பழக்கத்தான் வேண்டும்: முதல் சில படகுகளுக்கு ஒவ்வொன்றின்பிறகும் ஒரு பூச்சு, பிறகு தேவைக்கேற்ப. முதல் படகுக்கு மெழுகின்மேல் பி.வி.ஏ. அடித்துக்கொண்டால் ஒட்டிக்கொள்ளும் பயமில்லை. அந்தப் படலத்தின் சாயல் பதிவதால் முதல் படகு முழுப் பளபளப்போடு வராது. அதற்காக மோல்டை மறுபடி தேய்த்துவிடக் கூடாது.

கடற்கரைப் பட்டறையில் பளபளப்புக்கு முதல் எதிரி மணல். மணலின் குவார்ட்ஸ் ஜெல்கோட்டைவிடக் கடினமானது. காற்றில் வந்து படிந்த தூசியை உலர்ந்த துணியால் ஒருமுறை இழுத்தாலே ஒரு நாள் உழைப்பு கீறலாகிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவிய பிறகே துடைக்க வேண்டும். படகைப் பிரிக்க இரும்பு ஆப்பு ஆகாது. மரமோ பிளாஸ்டிக்கோ போதும். வேலையில்லாத நாட்களில் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும். நீண்ட காலம் சும்மா கிடக்கப்போகிறது என்றால், மெழுகு பூசி, ஜெல்கோட்டும் ஓரிரு கண்ணாடி இழை மேட்டும் போட்டு, இறுகிய அந்தப் படலத்தை உள்ளேயே விட்டுவைப்பது நல்ல காப்பு.

தேய்க்கும்போது கறுப்பு வெளிறி அடியிலிருந்து இழை எட்டிப்பார்த்தால் அந்த இடத்தில் பாலிஷுக்கு இனி வேலையில்லை. புதிதாக ஜெல்கோட் ஏற்ற வேண்டும், அல்லது புது மோல்டு எடுக்க வேண்டும். அந்த நிலை எவ்வளவு அருகில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்த நம்பரிலிருந்து பேப்பர் போடப்பட்டது என்பதை மோல்டின் பின்புறத்தில் பெயிண்டால் எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டுப் பேப்பரைத் தொடட்டும்.