640 ரிங்கிட் பாடம்



நான் எழுத்தாளன் இல்லை. அலோர் ஸ்டாரில் ஒரு நெல் ஆலையில் கணக்கு வேலை பார்க்கிறேன். மாலையில் வீடு திரும்பியதும் பழைய கம்ப்யூட்டர்களைப் பிரித்துப் பார்ப்பது, மறுபடி பூட்டுவது, சின்னச் சின்ன நிரல் எழுதுவது இதுதான் என் பொழுதுபோக்கு. அதனால்தானோ என்னவோ, தொழில்நுட்பமும் விளையாட்டும் பற்றி ஒரு பெற்றோர் என்ற முறையில் பாடம் எழுதித் தாருங்கள் என்று கிளைத் தலைவர் கேட்டார். புத்திமதி எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். கடைசியில் என் வீட்டில் நடந்ததையே எழுதலாம் என்று முடிவு செய்தேன். மகனிடம் அனுமதி கேட்டேன். "பேரு மட்டும் போடாதீங்கப்பா" என்றான். போடவில்லை.

நடந்தது

என் மகன் இரண்டாம் படிவம் படிக்கிறான். நம் கெடாவில் வெள்ளி, சனி பள்ளி விடுமுறை. ஆகவே வியாழன் இரவு வந்தால் வீட்டில் ஒரே கொண்டாட்டம். அவன் கைப்பேசியோடு அறைக்குள் போய்விடுவான். நான் என் கம்ப்யூட்டரோடு கூடத்தில் உட்கார்ந்துவிடுவேன். சத்தம் இல்லை, சண்டை இல்லை. நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி முடிந்த மறுவாரம் என் மனைவி மின்பணப்பையைத் திறந்து பார்த்தார். முறுக்கு சுட்டு விற்ற காசு அதில்தான் இருந்தது. ஒரு போத்தல் 16 ரிங்கிட், மொத்தம் 40 போத்தல். 640 ரிங்கிட். மீதி இருந்தது சில சென்.

நிதானமாகக் கேட்டதும் பையன் சொல்லிவிட்டான். அவன் விளையாடும் விளையாட்டில் ஒரு வீரனுக்கு அபூர்வ உடை ஒன்று இருக்கிறது. நேரடியாக வாங்க முடியாது. குலுக்கலில்தான் விழும். ஒரு குலுக்கல் ஏறக்குறைய 5 ரிங்கிட். இரண்டு ராத்திரியில் 128 முறை குலுக்கியிருக்கிறான். உடை விழவில்லை.

"நூறு தடவை அடிச்சா கண்டிப்பா கிடைக்கும்னு சொன்னாங்கப்பா. நூறு தாண்டினதும், விட்ட காசை எப்படி விடுறதுன்னு தோணிடுச்சு."

நான் கத்தினேன். கைப்பேசியைப் பிடுங்கினேன். இனி வீட்டில் கேம் என்ற பேச்சே கூடாது என்றேன். அப்போது என் மனைவி ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்திருக்கிறது யாரு? நம்ம பிறந்த தேதியை பின் நம்பரா வெச்சது யாரு? அவனை மட்டும் திட்டினா சரியாயிடுமா?"

எனக்குப் பதில் வரவில்லை.

கணக்கு

மறுநாள் வெள்ளிக்கிழமை. பசியாறி முடித்துவிட்டு மகனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். திட்டவில்லை. "வாப்பா, இந்தக் குலுக்கலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

விளையாட்டின் விதிமுறைப் பக்கத்தில், சின்ன எழுத்தில், அந்த உடை விழும் வாய்ப்பு 1 விழுக்காடு என்று இருந்தது. இப்படி வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்று ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரிலேயே தன் செயலிக் கடைக்கு விதி கொண்டுவந்தது. ஆக, விவரம் ஒளித்து வைக்கப்படவில்லை. நாம்தான் படிப்பதில்லை.

1 விழுக்காடு என்றால் நூறில் ஒன்று. அப்படியானால் நூறு முறை குலுக்கினால் ஒன்று உறுதிதானே? என் மகன் அப்படித்தான் நினைத்தான். உங்களில் பலரும் அப்படி நினைக்கலாம். அது தவறு. ஒவ்வொரு குலுக்கலும் தனி. முன்பு 99 முறை தோற்றது அந்த நிரலுக்கு ஞாபகம் இருக்காது.

சரியான கணக்கு இப்படி. ஒரு குலுக்கலில் உடை விழாமல் போகும் வாய்ப்பு 0.99. இரண்டு குலுக்கலிலும் விழாமல் போகும் வாய்ப்பு 0.99 பெருக்கல் 0.99, அதாவது 0.9801. இப்படியே நூறு தடவை பெருக்கினால் சுமார் 0.366 வருகிறது. நூறு முறை குலுக்கிய ஆயிரம் பேரில் ஏறக்குறைய 366 பேர் வெறுங்கையோடு போவார்கள் என்று பொருள். என் மகன் மாதிரி 128 முறை குலுக்கினாலும், ஆயிரத்தில் சுமார் 276 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பு வேண்டுமென்றால் 230 முறை குலுக்க வேண்டும். ஐந்து ரிங்கிட் வீதம் 1,150 ரிங்கிட். அப்போதும் பத்தில் ஒருவருக்குக் கிடைக்காது.

அவன் நம்பவில்லை. அதனால் பைத்தான் மொழியில் பத்து வரியில் ஒரு நிரல் எழுதினோம். ஆயிரம் பேர், ஆளுக்கு 128 குலுக்கல். கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. 281 பேருக்கு ஒன்றும் இல்லை என்று காட்டியது. மறுபடி ஓட்டினான். 269. மறுபடி ஓட்டினான். 274.

"அப்போ நான் அன்லக்கி இல்லையாப்பா? நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகுமா?"

"அப்படித்தான்."

சில விளையாட்டுகளில் இத்தனையாவது குலுக்கலில் உறுதியாகக் கிடைக்கும் என்ற ஏற்பாடு இருக்கும். அதையும் விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். அந்த எண்ணை ஒரு குலுக்கலின் விலையால் பெருக்கினால் வருவதுதான், அதிர்ஷ்டம் கைவிட்டால் அந்தப் பொருளுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை.

நம்மை இழுக்கும் நான்கு கயிறுகள்

நான் பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். அப்பா பால்மரம் சீவினார். 1995-இல் நான்காம் படிவம் படிக்கும்போது, பள்ளிக் கம்ப்யூட்டர் கழகத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா விளையாடினேன். 1989-இல் ஜோர்டன் மெக்னர் உருவாக்கிய விளையாட்டு அது. 60 நிமிடத்துக்குள் இளவரசியை மீட்க வேண்டும். மீட்டாலும் மீட்காவிட்டாலும் ஆட்டம் முடிந்துவிடும். வீட்டில் பாட்டியோடு ஆடிய பல்லாங்குழியும் தாயமும் அப்படித்தான். யாராவது ஜெயித்தால் பலகையை எடுத்து வைத்துவிட்டு எழுந்துபோவோம்.

இன்றைய இலவச விளையாட்டுகள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. இறக்கிக்கொள்ள காசு இல்லை, ஆகவே விளையாட விளையாடத்தான் வருமானம் வரவேண்டும். அதற்காக அவை பயன்படுத்தும் வழிகளில் நான்கை மகனும் நானும் பட்டியல் போட்டோம்.

முதலாவது, தினசரிப் பரிசு. ஏழு நாள் விடாமல் வந்தால் பெரிய பரிசு, ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஆசை இல்லாத நாளிலும் உள்ளே போகிறோம்.

இரண்டாவது, வைரம். ரிங்கிட்டை வைரமாக மாற்றிய பிறகு செலவு செய்வது வலிப்பதில்லை. தேவை 280 வைரமாக இருக்கும், விற்பது 250, 500 என்று இருக்கும். மிச்சம் எப்போதும் கணக்கில் தங்கும். அதைத் தீர்க்க இன்னும் கொஞ்சம் வாங்கத் தோன்றும்.

மூன்றாவது, எப்போது விழும் என்று தெரியாத பரிசு. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறா, எலிகளை வைத்து ஆராய்ந்தார். எத்தனை தடவைக்கு ஒரு முறை தீனி விழும் என்று தெரியாதபோது அவை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தன. சூதாட்ட இயந்திரம் இதே முறையில்தான் ஓடுகிறது. பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் காசு கொடுத்து வாங்கும் இத்தகைய குலுக்கல் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

நான்காவது, கூட்டாளிகள். ஐந்து பேர் அணியில் ஒருவர் நடுவில் எழுந்தால் மற்ற நால்வரும் தோற்பார்கள். எழுந்தவருக்குத் தண்டனைப் புள்ளி. "சாப்பிட வா" என்று அம்மா கூப்பிடும்போது "ஒரு நிமிஷம்மா" என்று பிள்ளை சொல்வது எல்லா நேரமும் திமிர் இல்லை. இது எனக்கே புதுப் பாடம். இப்போது நான் "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வாப்பா, அடுத்தது தொடங்காதே" என்கிறேன். வருகிறான்.

தர்மரும் தோற்றார்

மகாபாரதச் சூதாட்டத்தை நாம் சகுனியின் வஞ்சகக் கதையாக மட்டும் கேட்டிருக்கிறோம். தருமரின் பக்கமிருந்து ஒரு முறை யோசியுங்கள். அவர் கெட்டவர் இல்லை, அறிவில்லாதவரும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த பந்தயம் வைத்தார். செல்வம், நாடு, தம்பிகள், தன்னையே, கடைசியில் திரௌபதி. எதிரில் பந்தயப் பொருள் துரியோதனனுடையது, காய் உருட்டியது சகுனி. அந்த ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே பாதி தோற்றுவிட்டார். நளனும் புட்கரனிடம் இப்படித்தான் நாட்டை இழந்தான். திருக்குறளில் 94-ஆவது அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியது.

"விட்ட காசை எப்படி விடுறது" என்று என் மகன் கேட்டது பழைய கேள்விதான். போன காசு போனதுதான். அடுத்த ஐந்து ரிங்கிட்டைக் கொடுப்பதா வேண்டாமா என்பது மட்டுமே அந்த நேரத்தில் நம் கையில் இருக்கிறது.

இதற்காக விளையாடுகிற எல்லாரையும் அடிமை என்று சொல்லிவிடக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் உண்டு. ஆனால் அதற்கு அடையாளங்கள் இருக்கின்றன. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, பாதிப்பு வந்தும் தொடர்வது. இவை பொதுவாக ஓராண்டாவது நீடித்து, படிப்பையும் உறவையும் கெடுத்தால்தான் அந்தப் பெயர். மின்விளையாட்டு 2019 சீ விளையாட்டுப் போட்டியிலும், 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் பதக்கத்துக்கான போட்டியாகவே இடம்பெற்றது. திறமையாக ஆடுவதை நான் குறை சொல்லவில்லை. குலுக்கலில் திறமைக்கு இடமே இல்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

செய்து பார்ப்பது

தடை போட்டால் போதுமா? சீனா 2021-இல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று விதித்தது. என் வீட்டில் அப்படிச் சட்டம் போட்டால் முதலில் மாட்டுவது நான்தான். அதனால் மூன்று விதிகளை எல்லாருக்கும் பொதுவாக வைத்தோம். இரவு 11 மணிக்கு எல்லாக் கைப்பேசியும் கூடத்தில். என் கம்ப்யூட்டரும் அப்போதே அடைக்கப்படும். மின்பணப்பையின் பின் நம்பர் அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அடுத்து, கைக்கு ஒரு வேலை. 1980-களில் தமிழை எளிதாகத் தட்டெழுத கம்ப்யூட்டரில் வசதி இல்லாத காலத்தில், நம் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கினார். பிறகு கைப்பேசியில் தமிழுக்குச் செல்லினம் வந்தது. இன்று நீங்கள் நண்பனுக்குத் தமிழில் செய்தி அனுப்புவதற்குப் பின்னால் இப்படி உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் திரை முன்னால் மணிக்கணக்கில் இருந்தவர்கள்தான்.

என் மகன் ஸ்க்ராட்ச்சில் பல்லாங்குழி செய்துகொண்டிருக்கிறான். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. வெளியிட்ட இலவச நிரல்மொழி அது. வரிசைக்கு ஏழு, மொத்தம் 14 குழி. பள்ளியில் மலாய் நண்பனிடம் காட்டியபோது, "இது எங்க சொங்காக் மாதிரி இருக்கே, ரெண்டு பக்கமும் வீடு வெச்சா சரியாயிடும்" என்றானாம். இப்போது இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். இன்னும் முடியவில்லை. கடைசிக் குழியில் முத்து தவறாக விழுகிறது.

640 ரிங்கிட்? மாதம் 40 ரிங்கிட் வீதம் 16 மாதத்தில் திருப்பித் தருவதாக அவனே சொன்னான். அக்கம்பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி, என்னோடு சேர்ந்து சுத்தம் செய்து, பழுது பார்த்து விற்கிறோம். முதல் 40 ரிங்கிட்டைக் கொடுத்தபோது அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வாங்கி மைலோ டின்னில் போட்டுவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். இதுவரை 360 வந்திருக்கிறது.

கிளைக் கூட்டத்தில் கலந்து பேச

1. நீங்கள் விளையாடும் ஒரு விளையாட்டின் விதிமுறைப் பக்கத்தைத் திறந்து குலுக்கல் வாய்ப்பைக் கண்டுபிடியுங்கள். 50 முறை குலுக்கினால் கிடைக்காமல் போகும் வாய்ப்பு எவ்வளவு? கால்குலேட்டரில் பெருக்கிப் பாருங்கள்.

2. நான்கு கயிறுகளில் உங்களை அதிகம் இழுப்பது எது? ஐந்தாவது ஒன்று உண்டா?

3. கடந்த மூன்று மாதத்தில் விளையாட்டுக்குச் செலவழித்த பணத்தை வைரத்தில் அல்ல, ரிங்கிட்டில் எழுதுங்கள். அந்தப் பணத்தை வீட்டில் யார், எத்தனை மணி நேரம் உழைத்துச் சம்பாதித்தார்?

4. உங்கள் அப்பா அம்மாவின் கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றி அவர்களிடம் மரியாதையாக எப்படிப் பேசுவீர்கள்? இந்தக் கேள்வியைத் தவிர்க்க வேண்டாம். என் வீட்டில் பாடம் தொடங்கியது இப்படி ஒரு கேள்வியில்தான்.